கழுத்தைப் பார்த்து வாங்குங்கள்!

கைமாறும் ஜப்பான் பேஸ் கிடார்கள்: மரத்துக்கு எவ்வளவு, கதைக்கு எவ்வளவு?

டோக்கியோவில் ஒச்சானோமிசு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, மெய்ஜி பல்கலைக்கழகம் இருக்கும் சரிவுச் சாலையில் இறங்கினால் வரிசையாக கிடார் கடைகள். மாடிப்படி ஏறினால் அங்கேயும் கிடார். பழைய பேஸ் கிடார்கள் தொங்கும் சுவருக்கு முன்னால் போய் நில்லுங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை கட்டியிருக்கும். எடை 4.12 கிலோ. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃபிரெட் பத்தில் எட்டுப் பங்கு மீதம். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடைத் திருக இன்னும் இடம் இருக்கிறது. வால்யூம் குமிழில் லேசான கரகரப்பு. பின்பக்கம் பெல்ட் கொக்கி உரசிய தழும்பு. கம்பிகளைத் தாங்கும் பாலத்தில் ஒரு திருகு மாற்றப்பட்டது. இந்த ரீதியில் போகும் அந்த அட்டை.

விற்கிறவரே தன் சரக்கின் குறையை எழுதித் தொங்கவிடும் சந்தை உலகத்தில் அதிகம் இல்லை. ‘சூப்பர் கண்டிஷன், சிங்கிள் ஓனர்’ என்ற நம்மூர் விளம்பரத்தைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இந்த அட்டை ஓர் ஆச்சரியம். ஆனால், அதே பேஸ் ஜப்பானை விட்டு வெளியேறி வேறொரு நாட்டில் மறுபடி விற்பனைக்கு வரும்போது அட்டை காணாமல் போய்விடுகிறது. எடையும் ஃபிரெட்டும் போன இடத்தில் ஒரு கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘அமெரிக்கக் கம்பெனியே வழக்குப் போட்டு நிறுத்திய மாடல்’, ‘அமெரிக்க ஒரிஜினலைவிட உசத்தி’, ‘பொற்காலத் தயாரிப்பு’. விலை ஏறுவது அந்தக் கதையால்தான்.

பேஸ் கிடார் என்றால் எது என்று கேட்பவர்களுக்கு: இளையராஜாவின் பாட்டை நல்ல ஹெட்போனில் கேட்டால் பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டாக ஒன்று ஓடுமே, அது. ரஹ்மான் இசையில் கீத் பீட்டர்ஸ் வாசித்தது. பெரும்பாலும் நான்கு தடித்த கம்பிகள். பாலத்துக்கும் தலைப்பகுதிக் கட்டைக்கும் நடுவே 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். அமெரிக்காவில் லியோ ஃபென்டர் 1951-ல் ப்ரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார், அவர் கம்பெனி 1960-ல் ஜாஸ் பேஸைக் கொண்டுவந்தது. இன்றுவரை பேஸ் என்று மனக்கண்ணில் வரும் உருவம் இந்த இரண்டில் ஒன்றுதான். ஜப்பான் அதிகம் நகலெடுத்ததும் இவற்றைத்தான்.

தையல் மெஷின் பெட்டி செய்த ஊர்

நாகானோ மாகாணத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கும் மட்சுமோட்டோ, மரவேலைக்குப் பேர்போன ஊர். அங்கே இருந்த மட்சுமொகு என்ற ஆலை சிங்கர் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்தது. ஃபுஜிஜென் என்ற இன்னொரு ஆலை 1960-ல் தொடங்கியது. 1965-ல் ‘வென்ச்சர்ஸ்’ என்ற அமெரிக்கக் குழு ஜப்பானைச் சுற்றிவந்து வாசித்தபோது, நாட்டில் பையன்களுக்கெல்லாம் எலெக்ட்ரிக் கிடார் பைத்தியம் பிடித்தது. மரம் அறுக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் கிடார் செய்யப் போனார்கள். பலர் செய்தது வெறும் பொம்மைதான். அந்த அலை வடிந்ததும் கடைகளும் காணாமல் போயின. தாக்குப்பிடித்தவர்கள் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். பியானோவுக்கும் ஆர்கனுக்கும் பேர்போன ஹமமட்சுவில் யமஹாவும், 1947-ல் தொடங்கிய டோக்கையும் இதே பாதையில் வந்தன.

அமெரிக்காவில் நடந்தது நேர்மாறு. 1965-ல் சிபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிறுவனம் ஃபென்டரை 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. கணக்குப் பார்க்கிறவர்கள் கையில் ஆலை போனால் என்ன ஆகும்? எழுபதுகளில் வந்த பல ஃபென்டர்கள் கனம் கூடி, வேலைப்பாடு குறைந்து வந்தன. அதே ஆண்டுகளில் ஜப்பான்காரர்கள் ஐம்பது, அறுபதுகளின் ஃபென்டரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி அளந்து, அதைப் போலவே செய்து பாதி விலைக்கு விற்றார்கள். டோக்கையின் ‘ஜாஸ் சவுண்ட்’, ‘ஹார்ட் பஞ்சர்’, கிரெக்கோ, ஃபெர்னாண்டஸ் எல்லாம் இந்த வகை.

‘அடிக்க முடியாதவனோடு சேர்ந்துகொள்’ என்ற கணக்கில், ஃபென்டர் 1982-ல் காண்டா ஷோகாய், யமானோ கக்கி என்ற இரண்டு ஜப்பானிய வியாபார நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து ‘ஃபென்டர் ஜப்பான்’ தொடங்கியது. செய்து கொடுத்தது ஃபுஜிஜென். வரிசை எண் ‘ஜேவி’ என்ற எழுத்துகளில் தொடங்கும் 1982–84 காலத்துக் கருவிகள் இப்போது சேகரிப்பாளர்களின் வேட்டைப் பொருள். 1985-ல் சிபிஎஸ் ஃபென்டரைக் கைகழுவியது. வாங்கிய நிர்வாகிகளுக்குப் பெயர் கிடைத்தது, ஃபுல்லர்டன் ஆலை கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் கொரோனா நகரில் புது ஆலை ஓடத் தொடங்கும்வரை, அமெரிக்கக் கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றியது மட்சுமோட்டோ சரக்குதான்.

வழக்கு என்ற வியாபாரம்

‘லாசூட்’ (வழக்கு) என்று விளம்பரத்தில் பார்த்தால் உஷாராகுங்கள். நடந்தது இதுதான். கிப்ஸன் கிடாரின் தாய் நிறுவனமான நார்லின், ஜப்பானிய ஐபனெஸ் கிடார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மீது 1977 ஜூன் மாதம் ஃபிலடெல்ஃபியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சண்டை கிடாரின் தலைப்பகுதி வடிவத்தைப் பற்றி மட்டும். ஐபனெஸ் அந்த வடிவத்தை அதற்கு முன்பே மாற்றத் தொடங்கியிருந்தது. மறு ஆண்டு இரு தரப்பும் சமாதானமாகப் பேசி முடித்துக்கொண்டன. தீர்ப்பு என்று ஒன்று வரவேயில்லை.

இதில் ஃபென்டர் எங்கே வந்தது? வரவில்லை. பேஸ் எங்கே வந்தது? அதுவும் இல்லை. ஆனால், எழுபதுகளில் ஜப்பானில் செய்த ஜாஸ் பேஸ் நகல் ஒவ்வொன்றையும் ‘வழக்கு கால கிடார்’ என்று விற்கிறார்கள். கம்பெனியே பயந்துபோன அளவுக்கு நல்ல சரக்கு என்று வாங்குபவர் நினைத்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் இந்தச் சொல். இந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

பெயரிலேயே விலை

‘மேட் இன் ஜப்பான்’ என்பது தரச் சான்று என்று நம்புகிறவர்கள் அந்தக் காலத்து மாடல் பெயர்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஃபென்டர் ஜப்பானின் ‘ஜேபி62-58’ என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். ஜேபி என்றால் ஜாஸ் பேஸ். 62 என்றால் 1962-ம் ஆண்டு வடிவத்தின் மறுபதிப்பு. 58? ஜப்பான் கடையில் அதன் பட்டியல் விலை 58,000 யென். ‘ஜேபி62-115’ என்றால் 1,15,000 யென். கிரெக்கோ, டோக்கை கேட்லாகுகளிலும் இதே வழக்கம்தான். சிலர் மூன்று சைபரை விட்டார்கள், சிலர் இரண்டை.

ஒரே ஆலை, ஒரே ஆண்டு, ஒரே உருவம். விலையில் இரண்டு மடங்கு வித்தியாசம். மலிவான மாடலில் பாஸ்வுட் மரமும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் சாதாரண ரகமும் இருக்கும். மேலே போகப் போக ஆல்டர் மரம், நல்ல பிக்கப், மெல்லிய பூச்சு. ஆஷ் மரத்துக்குப் பதிலாக ஜப்பானில் விளையும் ‘சென்’ மரத்தையும் நிறையப் பயன்படுத்தினார்கள். ரேகை ஓட்டம் அச்சு அசலாக ஆஷ் போலவே இருக்கும். நாற்பது ஆண்டு கழித்து விற்க வரும்போது, அடிமட்ட மாடலுக்கும் உச்ச மாடலுக்கும் ஒரே ‘பொற்கால’ விலை கேட்கிறார்கள். மாணவன் பாக்கெட் மணியில் வாங்கட்டும் என்று செய்த பேஸ், வயதானதால் மட்டும் வாத்தியார் பேஸ் ஆகிவிடாது.

வரிசை எண்ணையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். எழுத்துகள் ஆண்டுக்கணக்கில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. இரண்டு மூன்று வருட வரம்பைச் சொல்லுமே தவிர, பிறந்த தேதியைச் சொல்லாது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ‘மேட் இன் ஜப்பான்’ என்ற அச்சு ‘கிராஃப்டட் இன் ஜப்பான்’ என்று மாறியது. தயாரிப்பும் ஃபுஜிஜென் கையிலிருந்து டைனா, டோக்கை ஆலைகளுக்குப் போனது. இந்தப் பிற்காலச் சரக்கை இளக்காரமாகப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. என் கணிப்பில், வாசிப்பதற்கென்று வாங்குபவருக்கு லாபம் இங்கேதான். பெயர் மங்கிய சரக்கில் மரம் மங்குவதில்லை.

ஃபென்டர் நகல் மோகத்தில் ஜப்பானின் சொந்தக் கற்பனையை விட்டுவிடக் கூடாது. 1977-ல் வந்த யமஹா பிபி வரிசையில், கழுத்து மரம் உடலுக்குள் கடைசிவரை ஊடுருவிப் போகும் மாடல்கள் உண்டு. பால் மெக்கார்ட்னி ஒரு பிபி1200 வைத்திருந்தார். நியூ ஆர்டர் குழுவின் பீட்டர் ஹுக் வாசித்தது அதன் உறவுக்காரப் பேஸ். மட்சுமொகு ஆலையில் பிறந்த ஏரியா ப்ரோ II எஸ்பி-1000, டுரான் டுரானின் ஜான் டெய்லர் கையிலும், மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டன் கையிலும் இருந்தது. மட்சுமொகு 1987-ல் மூடப்பட்டது. இந்தப் பேஸ்கள் யாருடைய நகலும் இல்லை.

கையில் எடுத்தால்…

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் பண முடிச்சை அவிழ்க்க மாட்டார்கள். பேஸுக்குக் கழுத்துதான் பல். உடலில் எவ்வளவு கீறல் இருந்தாலும் சத்தம் கெடாது. பிக்கப் செத்தால் மாற்றலாம். கழுத்து முறுக்கிக்கொண்டால் கதை முடிந்தது. நான்கு கம்பிகளும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ இழுவிசையில் அந்தக் கழுத்தை இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன, நாற்பது வருடமாக.

முதலில், தச்சர் சட்டத்தைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலைப்பகுதியிலிருந்து உடலை நோக்கிக் கழுத்தின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். இரண்டு கோடும் ஒன்றுபோல் ஓட வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் முறுக்கல். பேசாமல் சுவரில் மாட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து, தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃபிரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்திப் பிடியுங்கள். கம்பி இப்போது ஒரு நேர்க்கோல். ஏழாவது, எட்டாவது ஃபிரெட் அருகே கம்பிக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் நல்லது. இடைவெளி அகலமாக இருந்தால் கழுத்து கம்பியின் பக்கம் வளைந்திருக்கிறது. ஜப்பான் கடைக்காரர் இதை ‘ஜுன்சோரி’ என்பார். இடைவெளியே இல்லாமல் கம்பி நடுவில் ஒட்டிக்கொண்டால் பின்பக்கம் வளைவு, ‘க்யாகுசோரி’. வளைவு இருப்பது குற்றமல்ல. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம்.

கேள்வி, திருக இடம் மீதி இருக்கிறதா என்பதுதான். முன்பக்கம் வளைந்த கழுத்தில் ராட் ஏற்கெனவே கடைசிவரை இறுக்கப்பட்டிருந்தால் அதற்கு மேல் மருந்தில்லை. பழைய வடிவ மறுபதிப்புகளில் அந்தத் திருகு கழுத்தின் அடிக்கட்டையில், உடலோடு சேரும் இடத்தில் இருக்கும். கம்பியைத் தளர்த்திக் கழுத்தைக் கழற்றினால்தான் கை எட்டும். இதனால்தான் பலர் பாராமலேயே வாங்கிவிடுகிறார்கள். ‘திருகிப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கடைக்காரரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். ஒச்சானோமிசு அட்டையில் அந்த வரி சும்மா எழுதப்படவில்லை.

பிறகு ஒவ்வொரு ஃபிரெட்டாக வாசியுங்கள். ஆம்ப் இல்லாமல், நிதானமாக. மெல்லிய கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃபிரெட்டுக்குள் ஏதோ ஒரு சுரம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் அணைந்துபோகும். திகைக்க வேண்டாம். ஃபென்டர் வகைப் பேஸ்களில் இது பிறவிக்குணம், அமெரிக்க ஒரிஜினலிலும் உண்டு. எவ்வளவு சீக்கிரம் அணைகிறது, அந்தச் சுரம் உங்கள் பாட்டுக்கு அடிக்கடி வேண்டுமா என்று மட்டும் பாருங்கள்.

ஃபிரெட்டின் மேல் விரலை ஓட்டினால் கம்பி அரித்த பள்ளம் தட்டுப்படும். பள்ளம் ஆழமென்றால் ஃபிரெட் மாற்ற வேண்டும். அந்தச் செலவு மலிவு மாடல்களில் பேஸின் விலையையே எட்டிப் பிடிக்கும். குமிழ் கரகரப்பு சின்ன விஷயம். ஆனால் ஒரு நுணுக்கம்: ஜப்பான் கருவிகள் மெட்ரிக் அளவு, அமெரிக்க உதிரிகள் அங்குல அளவு. அமெரிக்க வால்யூம் கன்ட்ரோலை வாங்கிவந்து மாட்டப் போனால் துளை பத்தாது, குமிழும் உட்காராது. முந்தைய சொந்தக்காரர் டிரில் போட்டுத் துளையைப் பெரிதாக்கியிருக்கிறாரா என்று மூடியைத் திறந்து பாருங்கள். பேட்டரி போடும் வகை என்றால் அந்த அறையையும் திறந்து பாருங்கள். கசிந்த 9 வோல்ட் பேட்டரி உள்ளே பச்சை பூத்துக் கிடக்கும்.

‘ஹார்ட் ஆஃப்’ என்ற பழம்பொருள் கடைச் சங்கிலியில் ‘ஜங்கு’ மூலை ஒன்று உண்டு. அங்கே இருப்பவை உத்தரவாதமில்லாத, திருப்பித் தர முடியாத சரக்கு. பற்றவைப்புக்கோல் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அது சொர்க்கம். தெரியாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

யென் சரிந்தது, கப்பல் ஏறியது

1985-ல், டாலரின் மதிப்பைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட பிளாசா ஒப்பந்தத்துக்கு முன், நாணய மாற்று ஒரு டாலருக்கு 240 யென் அளவில் இருந்தது. யென் வலுவாகி அடுத்த சில ஆண்டுகளில் பாதியளவுக்கு வந்துவிட்டது. ஜப்பானில் செய்து மலிவாக விற்க முடியாமல், ஃபென்டரின் மலிவு வரிசையான ஸ்கொயர் போன்ற பெயர்கள் கொரியாவுக்குப் போயின. ‘ஜப்பான் ஸ்கொயர்’ அரிய பொருளானதற்கு இந்த நாணயக் கணக்கும் ஒரு காரணம். 2024-ல் சக்கரம் மறுபக்கம் சுழன்றது. டாலருக்கு 160 யென் தாண்டியபோது, வெளிநாட்டவர்கள் டோக்கியோ கடைகளில் கிடார் பையோடு வரிசையில் நின்றார்கள். அங்கே கிடைக்கும் விலைக்கும் வெளியே கேட்கும் விலைக்கும் இடைவெளி விழுந்ததில்தான் மறுவிற்பனையாளர்கள் பிழைக்கிறார்கள்.

வேலைக்காக டோக்கியோ போய்வரும் நம்மவர்களும் வாங்கி வருகிறார்கள். பேஸுக்கு மின்சாரப் பிரச்சினை இல்லை. அதோடு ஆம்ப் வாங்கினால் கவனம்: ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால் புகைதான். விரல்பலகை ரோஸ்வுட் என்றால் இன்னொரு விஷயம்: நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்தை உள்ளடக்கிய அந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரியில், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் விலக்கில்லை; அது 1992 முதல் கடும் பட்டியலில் இருக்கிறது. பழைய பொருளைக் கூரியரில் இந்தியாவுக்கு வரவழைப்பதற்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. சுங்க விதிகளை முன்கூட்டியே பார்த்துவிட்டு, கடை பில்லைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

விற்கும் பக்கம்

ஜப்பானில் பழைய பொருள் வாங்கி விற்க 1949-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். நீங்கள் உங்கள் பேஸைக் கடையில் கொடுக்கப் போனால் அடையாள அட்டை கேட்பார்கள், பதிவேட்டில் எழுதுவார்கள். திருட்டுச் சரக்குக்கு இது ஒரு பூட்டு. கடைக்காரர் வாடகை, பழுதுபார்ப்பு, உத்தரவாதம் எல்லாம் கழித்துத்தான் உங்களுக்கு விலை சொல்வார். அவர் மாட்டப்போகும் விலையில் பாதி வந்தாலே நல்ல நாள். பொறுமை இருந்தால் கடையிலேயே கமிஷனுக்கு விற்கக் கொடுக்கலாம். மெர்காரி செயலியில் நேரடியாக விற்றால் பத்து சதவீதம் கட்டணம் போக மீதி உங்களுக்கு. பேக்கிங், பேரம், ‘கடைசி விலை என்ன?’ என்ற கேள்விகள் எல்லாமும் உங்களுக்கே.

விலை வைக்கும்போது பலரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். இணையத்தில் தேடி, இருப்பதிலேயே அதிக விலை கேட்பவரைப் பார்த்துத் தங்கள் விலையை வைக்கிறார்கள். அவர் இரண்டு வருடமாக அதே விலையைக் கேட்டுக்கொண்டிருப்பது கண்ணில் படுவதில்லை. கேட்ட விலை வேறு, கைமாறிய விலை வேறு. முடிந்த ஏலங்களின் விலையைப் பாருங்கள், அதுதான் சந்தை.

படம் எடுக்கும்போது அலங்கார வெளிச்சம் வேண்டாம். கழுத்தின் அடிக்கட்டை, வரிசை எண், உள்ளே இருக்கும் ஒயர்கள், ஃபிரெட் ஒவ்வொன்றின் நெருக்கப் படம் இருந்தால் போதும், விஷயம் தெரிந்தவர் உடனே பேசுவார். சமையலறைத் தராசிலாவது நிறுத்து எடையைப் போடுங்கள். மூன்று மணி நேரக் கச்சேரியில் தோளில் தொங்கப் போகும் பொருள். நான்கு கிலோவுக்கும் ஐந்து கிலோவுக்கும் வித்தியாசம் வாசிப்பவருக்குத்தான் தெரியும். கழுத்தைக் கழற்றத் தெரியாவிட்டால் ‘உள்ளே பார்க்கவில்லை’ என்றே எழுதுங்கள். ‘எல்லாம் ஒரிஜினல்’ என்று எழுதிவிட்டு ஒரு பிக்கப் மாற்றியது தெரியவந்தால், நல்லபடியாக இருக்கும் மீதிப் பாகங்களின் விலையும் சேர்ந்து இறங்கும்.

பேஸை வாங்கிய கையோடு பிக்கப், பாலம், குமிழ் என்று மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாற்றுங்கள், தப்பில்லை. கழற்றிய பழைய பாகங்களையும், அவற்றின் திருகுகளையும் ஒரு டப்பாவில் போட்டு, மேலே மாடல் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். பேஸை விற்கும் நாளில் அந்த டப்பாவுக்கும் தனி விலை உண்டு.